'ரெய்டு' இருந்தும் டேட்டா காலியாவது ஏன்? பழுதான டிஸ்க்கை விட ஆபத்தானது அவசர ரிப்பேர்!

லண்டனில் இருக்கும் கிங்ஸ் கல்லூரி 1829இல் தொடங்கப்பட்ட பழைமையான கல்வி நிறுவனம். 2016 அக்டோபர் 17ஆம் தேதி, அதன் டேட்டா சென்டரில் இருந்த பெரிய சேமிப்பு இயந்திரத்தில் ஒரு பாகம் பழுதானது. உண்மையில் அது பெரிய விஷயமே இல்லை. அந்த இயந்திரத்தில் மொத்தம் 4 கண்ட்ரோலர்கள். ஒன்று போனால் மற்ற 3 தாங்கிக்கொள்ளும். பழுதானதை எடுத்துவிட்டு புதுசு மாட்டினால் போதும், பயனாளர்களுக்குத் தெரியாமலே எல்லாம் பழையபடி ஓடும். அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள்.

புது பாகத்தை மாட்டினார்கள். மொத்த இயந்திரமும் படுத்துவிட்டது.

கல்லூரியின் பல சேவைகள் முடங்கின. சில சேவைகள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. ஊழியர்களும் துறைகளும் பொதுவாகப் பயன்படுத்திவந்த ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்களில் ஒரு பகுதி திரும்ப வரவே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கெட்டுப்போன பாகம் டேட்டாவை அழிக்கவில்லை. அதைச் சரிசெய்யப் போன நேரத்தில்தான் எல்லாம் போனது. பெரிய நிறுவனங்களில் மட்டுமல்ல, போட்டோ ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக் என 4 டிஸ்க் போட்ட சின்னப் பெட்டியை நம்பி இருக்கும் எந்த இடத்திலும் இது நடக்கலாம். ஏன் நடக்கிறது? எப்படித் தடுப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், 'ரெய்டு' என்றால் என்ன?

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஞாபகம் வரலாம். இது அந்த ரெய்டு இல்லை! பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெரிய டிஸ்க் போல வேலை செய்யவைக்கும் முறைக்குத்தான் கம்ப்யூட்டர் உலகில் ரெய்டு என்று பெயர். 1988இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களின் யோசனை.

ஆனால் டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடினால், அதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். அதற்குத்தான் பாதுகாப்பு ஏற்பாடு.

இதை ஒரு சின்னக் கணக்கில் புரிந்துகொள்ளலாம். முதல் டிஸ்க்கில் 7 என்ற எண் இருக்கிறது. இரண்டாவது டிஸ்க்கில் 5. மூன்றாவது டிஸ்க்கில் இரண்டையும் கூட்டி 12 என்று எழுதி வைக்கிறோம். இப்போது இரண்டாவது டிஸ்க் கெட்டுப்போனால்? 12இல் 7ஐக் கழித்தால் 5. போன எண் திரும்பக் கிடைத்துவிட்டது. உண்மையில் நடப்பது கூட்டல் கழித்தல் இல்லை, பிட் அளவில் நடக்கும் வேறொரு கணக்கு. ஆனால் தத்துவம் இதுதான். அந்த 12க்கு 'பாரிட்டி' என்று பெயர்.

ரெய்டில் பல வகைகள் இருக்கின்றன.

• ரெய்டு 0: டேட்டாவைப் பிரித்து எழுதும், வேகம் கிடைக்கும். ஆனால் பாதுகாப்பு பூஜ்யம். ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு.
• ரெய்டு 1: ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். கண்ணாடிப் பிம்பம் மாதிரி.
• ரெய்டு 5: குறைந்தது 3 டிஸ்க் வேண்டும். ஒரு டிஸ்க் போனால் தாங்கும்.
• ரெய்டு 6: குறைந்தது 4 டிஸ்க் வேண்டும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.
• ரெய்டு 10: ஜோடி ஜோடியாகப் பிம்பம் எடுத்து, அந்த ஜோடிகளை ஒன்றாகச் சேர்ப்பது.

ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காது என்பதுதான் இதன் பலம். அதுவேதான் இதன் சிக்கலும். வேலை நிற்காததால், ஒரு டிஸ்க் போய்விட்டது என்பதே பல இடங்களில் யாருக்கும் தெரிவதில்லை. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது டிஸ்க் போகும்போதுதான் ஆபீஸே அலறும்.

புது டிஸ்க் மாட்டினால் சரியாகிவிடும்தானே?

ஆகலாம். ஆனால் அந்த சில மணி நேரம்தான் ரெய்டின் ஆயுளிலேயே ஆபத்தான நேரம்.

புது டிஸ்க்கை மாட்டியதும், மிச்சமிருக்கும் டிஸ்க்குகள் எல்லாவற்றையும் முதலில் இருந்து கடைசி வரை படித்து, கணக்குப் போட்டு, போன டேட்டாவைப் புது டிஸ்க்கில் எழுத வேண்டும். இதற்கு 'ரீபில்ட்' என்று பெயர். 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினால்கூட 80,000 நொடிகள் ஆகும். அதாவது 22 மணி நேரத்துக்கும் மேல். நடுவில் ஆபீஸ் வேலையும் ஓடிக்கொண்டிருந்தால் நாள் கணக்கில் இழுக்கும்.

ரெய்டு 5ஆக இருந்தால், அத்தனை நேரமும் பாதுகாப்பு கிடையாது. இன்னொரு டிஸ்க் போனால் அவ்வளவுதான். 'இன்னொன்றும் இப்போதேவா போகும்?' என்று தோன்றலாம். வாய்ப்பு அதிகம் என்பதற்கு 4 காரணங்கள் இருக்கின்றன.

1. எல்லா டிஸ்க்குக்கும் ஒரே வயசு. பெட்டி வாங்கும்போது, ஒரே கடையில், ஒரே கம்பெனி, ஒரே மாடல் டிஸ்க் நான்கை வாங்கி மாட்டுவதுதான் வழக்கம். அவை ஒரே வெப்பத்தில், ஒரே அளவு வேலை செய்து, ஒன்றாகவே தேய்கின்றன.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2019 நவம்பரில் ஹெச்.பி.இ நிறுவனம் ஓர் அவசர அறிவிப்பை வெளியிட்டது. அதன் சில எஸ்.எஸ்.டி. மாடல்கள், ஃபர்ம்வேரில் இருந்த பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்பதே அந்த எச்சரிக்கை. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் ஆன் செய்யப்பட்ட டிஸ்க்குகள் என்றால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லாமே போகும். இங்கே எந்த ரெய்டும் உதவாது. ஃபர்ம்வேரை அப்டேட் செய்வது மட்டும்தான் வழி.

2. படிக்க முடியாத இடங்கள். டிஸ்க்கில் யாரும் வருஷக்கணக்கில் தொடாத ஃபைல்கள் இருக்கும். அந்த இடம் பழுதாகியிருந்தால் யாருக்கும் தெரியாது. ரீபில்ட் நடக்கும்போது ஒவ்வோர் இடத்தையும் படித்தே ஆக வேண்டும் என்பதால், அப்போதுதான் அது வெளியே வரும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றின் விவரக்குறிப்பில், சுமார் 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஒரு பிழை வரலாம் என்ற அளவில் வரம்பு குறிப்பிடப்படுகிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனாலும் 4 டெராபைட் டிஸ்க் நான்கு போட்ட ரெய்டு 5இல், ஒரு ரீபில்டுக்குப் படிக்க வேண்டியது 12 டெராபைட். அலட்சியமாக விடக்கூடிய எண் இல்லை.

3. தவறான வகை டிஸ்க். ஓடு வேய்வது போல, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடத்தின் விளிம்பு படியும்படி நெருக்கி எழுதும் ஹார்டு டிஸ்க்குகள் உண்டு. குறைந்த விலையில் அதிக இடம் கிடைக்கும், ஆனால் தொடர்ந்து எழுதும்போது திணறும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், ரெய்டு பெட்டிகளுக்காக விற்ற 'ரெட்' வரிசையின் சில மாடல்களில் இந்த முறையைச் சொல்லாமலே பயன்படுத்தியது தெரியவந்து சர்ச்சையானது. ரீபில்ட் முடியாமல் இழுப்பதாகவும், பாதியில் டிஸ்க் வெளியே தள்ளப்படுவதாகவும் பயனாளர்கள் புகார் சொன்னார்கள். அதன் பிறகு அந்த வரிசையைப் பிரித்து, எது எந்த வகை என்பதை நிறுவனம் அறிவித்தது.

4. மனிதத் தவறு. 4 டிஸ்க்கில் மூன்றாவது கெட்டிருக்கிறது. அவசரத்தில் இரண்டாவதை உருவிவிட்டால்? ஏற்கெனவே ஒன்று இல்லை, இப்போது இரண்டு இல்லை. ரெய்டு 5 அந்த நொடியே நின்றுவிடும். டிஸ்க்குகளை 0இல் இருந்து எண்ணும் பெட்டிகளும் உண்டு, 1இல் இருந்து எண்ணும் பெட்டிகளும் உண்டு. தவறு நடக்க அதுவே போதும்.

டேட்டாவை உண்மையில் அழிப்பது எது?

நின்றுபோன ரெய்டு என்றால் டேட்டா அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நேரங்களில் டேட்டா டிஸ்க்கின் மேலேயே பத்திரமாக இருக்கும். கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் பொருள் அப்படியே இருக்கிறது.

அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தோடு செய்யும் வேலைகள்தான் அதை நிஜமாகவே அழிக்கின்றன.

• டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டுவார்கள். ரெய்டு டிஸ்க்கை விண்டோஸால் தனியாகப் புரிந்துகொள்ள முடியாது. 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று கேட்கும். கை தானாக 'யெஸ்' பக்கம் போகும்.

• 'பழைய செட்டிங்கிலேயே ரெய்டை மறுபடி உருவாக்கினால் டேட்டா வந்துவிடும்' என்று யாரோ சொல்வார்கள். டிஸ்க்குகளின் வரிசையோ, துண்டுகளின் அளவோ ஒன்று மாறினாலும், உருவாக்கும்போதே பாரிட்டி கணக்கைப் புதிதாக எழுதத் தொடங்கிவிடும். நல்ல டேட்டாவின் மேல் குப்பை எழுதப்படும்.

• சில மாதங்களுக்கு முன்பே ரெய்டில் இருந்து விலகிப்போன பழைய டிஸ்க்கை வலுக்கட்டாயமாகச் சேர்ப்பார்கள். அதில் இருப்பது அந்தக் காலத்து டேட்டா. புதியதும் பழையதும் கலந்தால் ஃபைல்கள் எல்லாம் சிதைந்துவிடும்.

• டிஸ்க்கைச் 'சரிபார்க்கும்' கட்டளையை ஓடவிடுவார்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இந்தக் கருவிகள் பார்ப்பதோடு நிற்பதில்லை. பழுதுபார்க்கச் சொல்லி ஓடவிட்டால் டிஸ்க்கில் எழுதும். வரிசை மாறிய ரெய்டின் மேல் இதை ஓடவிட்டால், நல்ல ஃபைல்களையே பிழை என்று நினைத்து மாற்றிவிடும்.

இதில் எதையும் கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. எல்லாமே உதவிதான். அதுதான் வேதனை.

ராத்திரி நேரத்து ரிப்பேர்: கிட்லேப் சொன்ன பாடம்

இது டிஸ்க் பழுதான கதை இல்லை. ஆனால் மீட்புப் பணி எப்படி விபத்தாகும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான பதிவு அரிது.

மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அதன் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களில் துணை சர்வர் பின்தங்கிப்போனது. அதை மறுபடி ஒத்திசைக்க, அதில் இருந்த பழைய டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடிவுசெய்தார் ஒரு பொறியாளர். அழிக்கும் கட்டளையையும் கொடுத்தார். ஆனால் அவர் அப்போது இருந்தது துணை சர்வரில் இல்லை, முதன்மை சர்வரில்! ஓரிரு நொடியில் தவறு புரிந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் மிச்சமிருந்தது 4.5 ஜிகாபைட்.

சரி, பேக்கப் இருக்குமே? ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரத்துக்கு முன் அந்தப் பொறியாளர் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அந்த 6 மணி நேரத்தில் சேர்ந்த டேட்டா போனது. சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள் வரை பாதிக்கப்பட்டதாக நிறுவனமே கணக்கு சொன்னது.

கிட்லேப் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. தவறு எங்கே நடந்தது என்று விரிவான அறிக்கையும் வெளியிட்டது. தனி ஒருவர் மேல் பழியைப் போடாமல், ஏற்பாடுகளில் இருந்த ஓட்டைகளைப் பட்டியலிட்டது.

பேக்கப் வேலையே டேட்டாவை அழித்த கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய பேக்கப் நிரல் ஆய்வாளர்களின் ஃபைல்களையே அழித்துவிட்டது. போனது சுமார் 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள். பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் டேட்டாவை மீட்கவே முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரலை நடுவில் மாற்றியதுதான் காரணம்.

'ரொம்பப் பெருசு, அதனால் பேக்கப் இல்லை'

தென்கொரியாவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. முதல்கட்டமாக 647 அரசு சேவைகள் நிறுத்தப்பட்டன. அதில் 96 நேரடியாகவே தீயில் சிக்கின. அரசு ஊழியர்கள் வேலை ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த 'ஜி-டிரைவ்' முழுக்க அழிந்தது. அளவு 858 டெராபைட்.

வெளியே பேக்கப் இல்லையா? இல்லை. அளவு மிகப் பெரியது, அந்த அமைப்பின் தன்மையால் வெளி பேக்கப் எடுக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட விளக்கம்.

இப்போது மறுபடி லண்டனுக்குப் போவோம். கிங்ஸ் கல்லூரி சம்பவத்தை பி.ஏ. கன்சல்டிங் என்ற வெளி நிறுவனம் ஆராய்ந்தது. ஃபர்ம்வேரில் இருந்த குறைபாடுதான் மொத்த இயந்திரமும் விழக் காரணம், அதைச் சரிசெய்யும் புதிய பதிப்பு வந்திருந்தும் நிறுவப்படவில்லை என்று அது சொன்னது. ரெய்டும் கைவிட்ட பிறகு மிச்சமிருந்த வழி டேப் பேக்கப். அதிலும் சில டேட்டா ஏறவே இல்லை. காரணம், கொள்ளளவு போதவில்லை. அதனால் என்ன ஆபத்து என்பது கல்லூரிக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை.

இரண்டு இடத்துக்கும் 9 ஆண்டு இடைவெளி. காரணம் கிட்டத்தட்ட ஒன்றேதான். பேக்கப் இல்லை என்பதைவிட, பேக்கப் இல்லை என்று ஃபைலுக்குச் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய தவறு. தெரிந்திருந்தால் முக்கியமான ஃபைலை ஒரு பென்டிரைவிலாவது போட்டு வைத்திருப்பார்கள்.

ரெய்டு பழுதானால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ரெய்டு இன்னும் ஓடுகிறதா? முதல் வேலை காப்பி. ஒரு டிஸ்க் போயும் பெட்டி வேலை செய்கிறது என்றால், ரீபில்ட் தொடங்கும் முன் முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். இழந்தால் திரும்பப் பெற முடியாதது முதலில், மற்றதெல்லாம் பிறகு.

நின்றுவிட்டதா? எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட், இனிஷியலைஸ், ரிப்பேர் என எது கேட்டாலும் 'நோ'. ஆன் செய்து ஆஃப் செய்து திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டாம்.

போட்டோ எடுங்கள். எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது, அதன் சீரியல் நம்பர் என்ன, திரையில் என்ன பிழைச் செய்தி வந்தது என எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்த பிறகே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே ஆஃப். உள்ளே பாகங்கள் உரசுகின்றன என்று அர்த்தமாக இருக்கலாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். ஃபிரிட்ஜில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். இது தூசியில்லா அறை வசதி உள்ள மீட்பு மையம் கையாள வேண்டிய வேலை.

அசலில் கை வைக்காமல் நகலில் வேலை. மீட்புப் பணியின் தங்க விதி இதுதான். ஒவ்வொரு டிஸ்க்கையும் முழுதாக இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலை வைத்தே முயற்சி செய்ய வேண்டும். இதற்கென்றே 'டிடி-ரெஸ்க்யூ' போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எளிதாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் கடைசியாக முயற்சிக்கும். எதுவரை முடிந்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நகலில் தவறு செய்தால் இன்னொரு நகல் எடுக்கலாம். அசலில் தவறு செய்தால் எதை எடுப்பது?

திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். ஃபைல் பெயர் தெரிகிறது என்பதாலேயே டேட்டா வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாலைந்து பெரிய ஃபைல்களைத் திறந்து பாருங்கள். டேட்டா வேறு இடத்தில் பத்திரமாக ஏறும் வரை பழைய டிஸ்க்குகளைத் தொடாதீர்கள்.

மென்பொருளுக்கும் பொறுப்பு உண்டு

எல்லாப் பழியையும் பயனாளர் மேல் போடுவது நியாயமில்லை. ஆபத்தான நேரத்தில் 'கொஞ்சம் நில்லுங்க' என்று சொல்ல வேண்டியது மென்பொருளின் கடமை.

நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. லினக்ஸில் பாரிட்டி உள்ள ஒரு ரெய்டு, டிஸ்க் குறைவோடும் சரியாக மூடப்படாமலும் இருந்தால், தானாகத் தொடங்க மறுத்துவிடும். நிர்வாகி தெரிந்தே வற்புறுத்தினால்தான் திறக்கும். பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டத்தின் ரிப்பேர் கட்டளையைக் கொடுத்தால், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லாமல் இதைச் செய்யாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, மனசு மாற 10 நொடி அவகாசம் தருகிறது. இசட்.எஃப்.எஸ். என்ற அமைப்பில், பழுதைச் சரிசெய்தால் டேட்டா திரும்புமா என்று எதையும் மாற்றாமலே ஒத்திகை பார்க்கலாம்.

மறுபக்கம், பழைய ரெய்டின் விவரங்களை 'ஏற்றுக்கொள்ளவா, அழிக்கவா' என்று இரண்டு பட்டன்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் கண்ட்ரோலர்களும் இருக்கின்றன. ராத்திரி 2 மணிக்கு, மேலதிகாரி போனில் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு பட்டன்களுக்கு நடுவில் இருப்பது ஒரு விரல் அகலம்தான். 'யெஸ்' என்று அழுத்தவைப்பதற்குப் பதில், டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் காட்டி, அழிக்கப்போகும் ரெய்டின் பெயரை டைப் செய்யச் சொன்னாலே பல விபத்துகள் குறையும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

டேட்டா திருட்டுக்கு மட்டும்தான் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிவதை மட்டும் மீறலாகப் பார்க்கவில்லை. தனிநபர் தகவல்கள் தற்செயலாக அழிவதும், அவற்றை அணுக முடியாமல் போவதும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளில், பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாக பேக்கப்பும் குறிப்பிடப்பட்டுள்ளது. நிறுவனங்கள் தயாராவதற்காக முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

ஆக, நோயாளிகளின் ரிப்போர்ட்டையோ மாணவர்களின் விவரத்தையோ கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நிறுவனங்கள் 'டிஸ்க் கெட்டுப்போச்சு, நாங்க என்ன பண்றது?' என்று எளிதில் நழுவ முடியாது.

பழுதாகும் முன் என்ன செய்யலாம்?

• 3-2-1 விதி: 3 காப்பி, 2 வெவ்வேறு வகை சாதனங்கள், அதில் 1 வேறு இடத்தில். ரெய்டு எத்தனை டிஸ்க்கில் இருந்தாலும் அது ஒரே ஒரு காப்பிதான். ஃபைலைத் தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே.
• மாதம் ஒருமுறை முழு டிஸ்க்கையும் படித்துச் சோதிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். மறைந்திருக்கும் பழுது, ரீபில்ட் வரை காத்திருக்காமல் முன்பே தெரியவரும்.
• எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையில் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கிட்லேப் கதை ஞாபகம் இருக்கட்டும்.
• முடிந்தால் டிஸ்க்குகளை வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளில் இருந்து வாங்குங்கள். ஒரு டிஸ்க்கை ஸ்பேராகக் கையில் வையுங்கள்.
• ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். ஆனால் பேக்கப் எடுக்காமல் அப்டேட் செய்யவும் செய்யாதீர்கள்.

கம்ப்யூட்டர் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட தங்கள் ஆபீஸில் இரண்டு கேள்வி கேட்கலாம். 'நம்ம ஃபைலுக்கு இந்தப் பெட்டிக்கு வெளியே இன்னொரு காப்பி எங்கே இருக்கு?' 'அதைக் கடைசியா எப்போ திறந்து பார்த்தீங்க?'

இரண்டாவது கேள்விக்குத் தேதியோடு பதில் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 'ரெய்டு இருக்கு சார், ஒண்ணும் ஆகாது' என்று பதில் வந்தால், இன்றைக்கே ஒரு காப்பி எடுத்துவிடுவது நல்லது.